மூன்றாம் பத்தி

இபாதானில் மின்சாரம் போன இரவு
ஜெனரேட்டர் இருமுறை இருமி எழுந்தது.
உறைபெட்டியின் சிவப்பு எண்
மைனஸ் எழுபத்திரண்டு வரை ஏறி
எண்பதுக்குத் திரும்ப இறங்கும்வரை
அதெரோன்கே உட்காரவில்லை.

உள்ளே இருநூற்றுப் பதினொரு பெண்கள்.
இல்லை, பெண்களல்ல.
ஒவ்வொருத்தியிலிருந்தும் ஒரு காராமணி அளவு.
மூடியில் எண், பக்கத்தில் தேதி.

நூற்று நாற்பத்து மூன்று என்பது சிகிரத்.
பாகி சந்தையில் துணி விற்றவள்.
ஒப்புதல் தாளுக்குப் பெருவிரல் தராமல்
பேனா கேட்டு வாங்கி
அரபி எழுத்தில் கையெழுத்திட்டவள்.
"இதை வைத்து என்ன செய்வீர்கள்?"
"படிப்போம்."
"நல்லது. நான் எழுதியதில்
கடன் நோட்டைத் தவிர
எதையும் யாரும் படித்ததில்லை."

அரைத்து, கரைத்து, வடித்து
ஒரு குழாயில் கட்டி, ஒன்றில் குருதி.
இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தார்கள்.
முந்நூறு கோடி எழுத்து.
உயிரெழுத்து இல்லை, மெய்யெழுத்து இல்லை,
நாலே நாலு, இடைவெளியின்றி.
முற்றுப்புள்ளிக்கும் அதே நாலு.

சொல்லோடு சொல் சேர்கையில் நேர்வன மூன்று
என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன்:
தோன்றல், திரிதல், கெடுதல்.
மூன்றும் அந்தக் கட்டிக்குள் இருந்தன.
எட்டாம் குரோமோசோமின் ஒரு துண்டு
பதினான்கு முறை தோன்றியிருந்தது.
பதினேழில், பழுது பார்க்கும் மரபணுவின்
நல்ல பிரதி கெட்டிருந்தது.
(இலக்கணத்தில் கெடுதல் என்றால்
அழுகுவதல்ல, இல்லாமல் போவது.)
எஞ்சிய பிரதியில் ஓர் எழுத்து திரிந்திருந்தது.
அந்தத் திரிபு குருதியிலும் இருந்தது.
அதாவது கட்டிக்கு முன்பே,
முதல் பல்லுக்கு முன்பே,
எட்டாம் நாள் அவளுக்குப் பெயர் வைத்ததற்கும் முன்பே.

உலகப் பட்டியல்களில் தேடினாள்.
பெரும்பாலும் தொலைதூர நகரங்களின் ரத்தத்தில்
தொகுத்த பட்டியல்கள்.
இது அவற்றில் இல்லை.
அறிக்கையில் மூன்று பத்தி:
தீயது. தீங்கற்றது. தெரியாது.
சிகிரத்தின் வரி மூன்றாவதில் விழுந்தது.
தெரியாததை வீட்டாரிடம் சொல்லக் கூடாது.
அது விதி. நல்ல விதிதான்.
அந்த வாரம் அவளை அடக்கம் செய்திருந்தார்கள்.

ஒரே ஒரு கல்வெட்டில் மட்டும் வரும் சொல்லுக்கு
அகராதிக்காரர் என்ன பொருள் எழுதுவார்?
கேள்விக்குறி போட்டு வைப்பார்,
இன்னொரு கல் கிடைக்கட்டும் என்று.

கிடைத்தது.
அடுத்த மழைக்காலம் ஒக்போமோஷோவிலிருந்து
ஓர் ஆசிரியை, வயது முப்பத்து நான்கு.
பிறகு இலோரினிலிருந்து அக்காவும் தங்கையும்,
ஒரே பேருந்தில், இருவர் சாப்பாடும் ஒரே பையில்.
பிறகு அபெயோகுட்டாவிலிருந்து, பெயர் சொல்லத் தயங்கிய ஒருத்தி.
ஐவரிடமும் அதே இடம், அதே திரிபு.
ஐவர் கட்டியிலும் நல்ல பிரதி இல்லை.
தட்டில் வளர்த்த செல்களில்
அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தான் பபாஜிதே.
உடைந்ததை ஒட்டத் தெரியாமல் அவை செத்தன.

மூன்றாண்டு கழித்து ஒரு வியாழக்கிழமை
ஒரு வரி
மூன்றாம் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு நகர்ந்தது.
விசைப்பலகையில் இரண்டு தட்டல், அவ்வளவுதான்.

ஒப்புதல் தாளின் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.
மகள், மொதினத்.
எடுத்ததும் முதலில் சந்தைதான் கேட்டது:
பேரம், ஒலிபெருக்கி, துணியை உதறும் சத்தம்.
"அம்மாவா? அம்மா போய் மூணு வருசம் ஆச்சே.
ஆஸ்பத்திரிக்குப் பாக்கி ஒண்ணும் இல்ல."
"பாக்கிக்காகக் கூப்பிடலை" என்றாள் அதெரோன்கே.
"அவங்க கொடுத்ததைப் படிச்சு முடிச்சிட்டோம்."

"ஒரு நிமிசம்."
யாருக்கோ ஆறு கெஜம் அளந்து வெட்டினாள்.
கத்தரிக்கோலைப் பலகையில் வைக்கும் ஓசை.

"ம். படிங்க."